கிற்றாரின் கைப்பிடி தளர்ந்த வருடம்

1982 பெப்ரவரி மாதம் இரண்டாவது வியாழக்கிழமை, பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கால் மணி நேரத்தில், மருதமுனை நெசவுகாரர் வீதியில் இருந்த நூற்றுப் பதினான்கு பேரின் குரலும் ஒரேயடியாகக் கீழே இறங்கியது. கைக்குழந்தைகள் கிழவர்களின் குரலில் அழுதன. கிழவர்கள் வாயைத் திறந்தபோது வெறும் பீப்பாயை உருட்டுவது போலச் சத்தம் வந்தது. ஒரு சேவல் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு இரண்டு நாள் கூவாமல் இருந்தது. நூல் விலை ஏறிய கிழமையும் அதுதான் என்பதால் வீதியில் எல்லோரும் முதலில் நூலைப் பற்றித்தான் கதைத்தார்கள், இறங்கிய குரலில்.

காரணம் அந்த வீதி இளைஞன் முனாபின் மின்சாரக் கிற்றார். கொழும்பு ஹோட்டலொன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதன் நரம்புகள் மாட்டியிருந்த இரும்புத் தட்டில் ஒரு துளை, துளையில் திருகிச் செருகிய வளைந்த கைப்பிடி. கைப்பிடியை அமத்தினால் நரம்புகள் தளர்ந்து சுரம் சறுக்கிக் கீழே போகும், விட்டால் மேலே வரும். கிற்றார் வந்த நாளிலிருந்து, அது கேட்கும் தூரத்தில் இருந்தவர்களின் குரலும் சுரத்தோடு சேர்ந்து போய்த் திரும்பி வந்தது. வீதி அதற்குப் பழகிவிட்டது. பேச்சின் நடுவில் குரல் சறுக்கினால் கொஞ்சம் பொறுத்திருந்து, அது வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை முனாப் வழமையைவிட ஆழமாக அமத்தினான். தேய்ந்திருந்த திருகு விட்டுக்கொடுத்தது. தட்டு கீழே போன இடத்திலேயே நின்றுவிட்டது. கைப்பிடியைத் தூக்கினால் கைப்பிடி மட்டும் வந்தது, ஆடியது, தட்டு வரவில்லை.

மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி லைலாவுக்கு அது வசதியாகவே போயிற்று. கலியாணமாகி இருபது வருடமாகச் சொல்லியும் வேலி கட்டாத அவளுடைய மாப்பிள்ளை, புதுக் குரலில் ஒரு தரம் சொன்னதும் கட்டி முடித்தார். சமாளிக்க முடியாமல் போனது முனாபின் லாத்தா, அவனுடைய மூத்த சகோதரி சுபைறாவுக்குத்தான். அவளுடைய புருசன் மர்சூக் இரண்டு வருடமாகச் சவூதியில், தம்மாமில் வேலை. அவன் போய் ஐந்து மாதத்தில் பிறந்த மகள் ஹாஜறாவை அவன் கண்டதில்லை. மாதம் ஒரு கசெற்றில் சுபைறா கதைத்துப் பதிந்து அனுப்புவாள், அவனும் கதைத்து அனுப்புவான். அந்த மாதமும் அவள் வழமைபோலத் தறியை நிறுத்திவிட்டு, "மச்சான், சுகமா இரிக்கீங்களா?" என்று தொடங்கிக் கதைத்து அனுப்பினாள்.

பதிலாக அவனிடமிருந்து ஒரு மணி நேரக் கசெற் வந்தது. அதில் ஒரேயொரு கேள்வி இருந்தது. "சுபைறா, உண்ட கசெற்றில ஒரு ஆம்புள கதைக்கான். என்னைய மச்சான் எண்டு கூப்பிடுறான். அவன் ஆரு?" மீதி முழுவதும் காற்றுச் சத்தம். சுபைறா இரண்டு பக்கத்தையும் கடைசிவரை கேட்டாள்.

நடந்ததைக் கடிதமாக எழுதினாள். பதிலும் கடிதமாகவே வந்தது. கம்பியை அமத்தினால் ஆளின் குரல் இறங்குமா, என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்தாயா என்று கேட்டிருந்தான். ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம், முடிந்ததும் கல்முனைக்குடியில் தன் உம்மாவின் வீட்டுக்குத்தான் போவேன், அந்தப் பக்கம் வரமாட்டேன் என்றும் எழுதியிருந்தான். சுபைறா அழவில்லை. அழுதால் அதுவும் ஆம்பிளை அழுவதுபோல இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. கடிதத்தை மடித்துவைத்துவிட்டுக் கிற்றாரைத் தூக்கித் தன் தறிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கொழும்புக்குப் போற ஆள்ட குடுத்தனுப்புவம் லாத்தா. நமக்கு இது செரி வராது" என்றான் முனாப்.

"எண்ட தறியில எத்தின ஆணி தளர்ந்திரிக்கு? ஒவ்வொண்டுக்கும் நான் கொழும்புக்கா போனன்? இதையும் நான்தான் இறுக்குவன்."

முதலில் திருகில் மெழுகு தேய்த்த பருத்தி நூலை ஏழு சுற்றுச் சுற்றிக் கைப்பிடியை முறுக்கி ஏற்றினாள். முனாப் ஒரு நரம்பைத் தட்ட, அவள் கைப்பிடியைத் தூக்க, தட்டும் வந்தது. வீதியின் குரல்கள் பாதித் தூரம் ஏறின. மதியம் லுஹர் தொழுகைக்குள் நூல் நைந்து எல்லாம் பழையபடி இறங்கியது. அடுத்த கிழமை சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய றப்பர்க் குழாயை வெட்டி மாட்டினாள். குரல்கள் நன்றாகவே ஏறின, ஆனால் றப்பரின் துள்ளல் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் வந்து நடுங்கியது. ஆசுபத்திரிக்குப் போன ஒருவரைக் குளிர்க்காய்ச்சல் என்று அங்கே மறித்துவிட்டார்கள். வீதி கேட்டுக்கொண்டதன் பேரில் றப்பரைக் கழற்றினாள். பிறகு சணல். பிறகு தகரத்துண்டு. மே மாதம் முடிவதற்குள் பதினொரு வழி பார்த்தாள். ஒவ்வொன்றும் தோற்றதும் அவள் தறிக்குப் போய் நான்கு சாரன் நெய்துவிட்டு, அடுத்ததோடு வந்து உட்கார்ந்தாள். ஹாஜறா அந்த நாட்களில் உம்மாவின் குரலுக்குத் திரும்புவதை விட்டிருந்தாள். கூப்பிட்டால் சித்தி லைலாவின் மாப்பிள்ளை வந்திருக்கிறாரோ என்று வாசலைப் பார்ப்பாள்.

ஜூன் மாதம் கல்முனைத் தபால் கந்தோரில் சுபைறா முத்திரை வாங்க நின்றபோது, கந்தோரில் வேலைபார்த்த புண்ணியமூர்த்தி என்பவர் யோசனையாகத் தன் பேனையின் தலையை அமத்தி அமத்தி விட்டுக்கொண்டிருந்தார். அமத்தினால் உள்ளே போனது. விட்டால் ஏதோ ஒன்று கீழேயிருந்து தள்ளி மேலே கொண்டுவந்தது. சுபைறா முத்திரையை மறந்தாள். இத்தனை நாளும் கைப்பிடியைச் சுற்றித்தான் இறுக்கப் பார்த்திருந்தாள், அடியிலிருந்து தள்ளப் பார்க்கவில்லை.

"ஐயா, அந்தப் பேனைக்குள்ள இரிக்கிற ஸ்பிரிங்க எனக்குத் தாங்க" என்றாள்.

சேலைத்தலைப்பால் தலையை மூடிய பெண்ணிடமிருந்து வந்த ஆண்குரலைக் கேட்டுப் புண்ணியமூர்த்தி ஒரு கணம் பேனையை நிறுத்தினார். மருதமுனை ஆள் என்று பிறகு விளங்கிக்கொண்டார். "ஸ்பிரிங்கத் தந்தா பேனை எழுதாதே அம்மா."

"எழுதுற பேனை நாளைக்கு நான் கொண்டுவந்து தாறன். எனக்கு இப்ப வேணும்."

வீட்டுக்கு வந்து ஸ்பிரிங்கை அளந்து வெட்டி, துளையின் அடியில் போட்டு, அதன்மேல் கைப்பிடியைத் திருகினாள். ஸ்பிரிங் அடியிலிருந்து தள்ளத் தள்ளத் திருகு தேய்ந்த இடத்திலும் பிடித்துக்கொண்டது. கைப்பிடி ஆடவில்லை. சிரமம் அதற்குப் பிறகுதான் வந்தது. இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் தூக்கலாம், எங்கே நிறுத்துவது? தங்கள் பழைய குரல் எது என்பதில் வீதியில் ஒருவருக்கும் உறுதி இல்லை. எதிர்வீட்டுப் பெரியவர் சீனிமுகம்மது காக்கா இன்னும் மேலே என்றார். சித்தி லைலா போதும் புள்ள, இந்த அளவிலேயே விடு என்றாள். "உங்களுக்கு வசதி. எனக்கு எண்ட குரல் வேணும்" என்று சொல்லிவிட்டுச் சுபைறா மர்சூக்குக்கு இரண்டு வரி எழுதினாள். என்னை நம்ப வேண்டாம், நான் முன்பு அனுப்பிய கசெற்றில் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புங்கள், இதுதான் அந்த இரண்டு வரி.

இருபத்துநான்கு நாள் கழித்துக் கசெற் வந்தது. தேய்ந்து எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. எத்தனை தரம் போட்டுக் கேட்டால் ஒரு கசெற் அப்படித் தேயும் என்பது கைத்தறி நெய்கிறவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே ஒரு துண்டில், "கேட்டு முடிஞ்சதும் திருப்பி அனுப்பணும். மத்ததுகள்ல பதில் பதிஞ்சி அனுப்பிட்டன், என்னட்ட இப்பிடி நாலுதான் இரிக்கி" என்று எழுதியிருந்தது. சுபைறா அந்தத் துண்டை இரண்டு தரம் வாசித்துவிட்டு முனாபைக் கூப்பிட்டாள்.

கசெற்றில் அவளுடைய பழைய குரல் "மச்சான், சுகமா இரிக்கீங்களா? இஞ்ச மழ" என்றது. முனாப் நரம்பைத் தட்டிக் கைப்பிடியை மயிரிழை தூக்கினான். சுபைறா அதையே சொன்னாள். குறைவு. இன்னும் மயிரிழை. மீண்டும் சொன்னாள். வேலிக்கு அப்பால் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு தூக்கலுக்கும் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். நாற்பத்தோராவது தரம் கசெற்றுப் பெட்டியின் குரலும் அவள் வாயின் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. எது எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் ஹாஜறா பெட்டியைப் பார்த்தாள், பிறகு உம்மாவைப் பார்த்தாள், உம்மாவிடம் நடந்து வந்தாள். "விடு தம்பி, இதுதான்" என்றாள் சுபைறா. அன்றைக்கே ஒரு கசெற் முழுவதும் கதைத்து, பழையதையும் சேர்த்து அனுப்பிவைத்தாள். அடுத்த மாதம் மர்சூக்கின் கசெற் இரண்டு பக்கமும் நிறைந்து வந்தது. ஆம்பிளையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

1984 கார்த்திகையில் மர்சூக் வந்து இறங்கினான், சுபைறாவின் வீட்டில்தான். அதற்குள் முனாப் வீதியின் கடைசி வீட்டில் பரீனாவைக் கலியாணம் செய்து, கிற்றாரையும் கொண்டு அங்கே போயிருந்தான். மாரிக்குக் கிற்றாரின் மரம் ஊறும்போது தட்டு கொஞ்சம் இறங்கும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மர்சூக் வந்த ஐந்தாம் நாள் காலை, மழைக்குள் நின்ற மகளைக் கூப்பிட்டபோது பெயரின் நடுவில் அவன் குரல் படியிறங்கியது. தொண்டையைச் செருமிப் பார்த்தான். சுபைறாவைத் திரும்பிப் பார்த்தான். தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள், தானும் இறங்கிய குரலில், "முனாப்ட வீட்ட பொயித்து, கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க" என்றாள். மர்சூக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினான். பாதி வழியில் அதே அலுவலாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த சீனிமுகம்மது காக்கா, சொல்லியாயிற்று என்று கையைக் காட்டி, ஸலாம் சொன்னார். மர்சூக் பதில் சொன்னான். அதன் முன்பாதி கீழேயும் பின்பாதி வழமையான இடத்திலும் வந்தது. பிறகு இருவரும் ஒரே குடையில், இந்த மழைக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் வெள்ளாண்மை என்னாகும் என்று கதைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள்.