பத்தாவது ஆள்

அந்தத் தனியார் பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு புது விதி வந்தது. எந்தப் பாடமானாலும் பத்து மாணவருக்கு ஓர் ஏ. பத்துப் பேர் சேராத வகுப்பில் ஏ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் எவ்வளவு சிறிய வகுப்பானாலும், கடைசியாக வருபவர், எத்தனை மதிப்பெண் எடுத்திருந்தாலும், தவறியவரே. விதியின் இந்தப் பின்பாதி எவர் காதிலும் ஏறவில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஏ-யைப் பற்றியே மாய்ந்து மாய்ந்து பேசினார்கள். தன் பிள்ளை கடைசியாக வரும் என்று யார்தான் கணக்குப் போடுவார்?

தமிழ் இலக்கியம் எடுத்திருந்தவர்கள் ஒன்பது பேர். கால அட்டவணையில் இடம் கிடைக்காத பாடம் அது. பள்ளி விட்ட பிறகு கேன்டீனுக்குப் பின்னாலிருந்த அறையில் ராகினி டீச்சர் அதை நடத்தினார். வகுப்பில் மோகனாதான் எப்போதும் முதல். ஒன்பது பேரில் முதலாவதாக வந்து அவளுக்கு என்ன பயன்? டீச்சர் பத்தாவது ஆளைத் தேடினார். ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவத்தோடு தமிழைக் கைகழுவியிருந்த பிரமிளா கண்ணில் பட்டாள்.

"ஆளில்லன்னா இந்தப் பாடத்த மூடிருவாங்கம்மா. நம்ம பிள்ளைங்களே எடுக்கலன்னா வேற யாரு எடுப்பா?"

பிரமிளா அறிவியல் வகுப்பு மாணவி. ஏதேனும் ஒரு பாடத்தில் தவறினாலும் அடுத்த ஆண்டு அந்த வகுப்பில் இருக்க முடியாது. அங்கே இடம் பிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நாப்பது அம்பது நீ கண்ண மூடிக்கிட்டு வாங்குவே. என்ன பயம்?"

தமிழுக்காக என்று கேட்ட பிறகு மறுப்பது எப்படி? கோயில் தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் கேட்டால் எழுந்து நிற்பார்களே, அதே கூச்சத்தோடு தலையாட்டினாள்.

முதல் நாளே மோகனா வாய்விட்டுச் சொன்னாள்: "வா பிரமிளா, வாலா. நீ வந்து உக்காந்தா போதும், எனக்கு ஏ. படிச்சுக்கிடிச்சுத் தொலைக்காதே." எல்லோரும் சிரித்தார்கள். பிரமிளாவும் சிரித்துவைத்தாள். வீட்டுக்குப் போன பிறகுதான் அது உறைத்தது. உறைத்ததும் படிக்கத் தொடங்கினாள்.

கைகொடுத்தவன் லோகேஸ்வரன். தமிழ் எடுத்திருந்த ஒன்பது பேரில் ஒருவன்; அவனும் அறிவியல் வகுப்பு. அவளைப் போலவே ஆயர் ஈத்தாம் பகுதி அடுக்குமாடியில் இருப்பவன். பேருந்தில் செய்யுளைச் சொல் சொல்லாக உடைத்துக் காட்டுவான். அவள் தாறுமாறாகப் பொருள் சொன்னால், "பாவம்லா அந்தப் புலவர், விட்டுரு," என்பான். தன் படிப்பைக் கிடப்பில் போட்டுவிட்டு அவளுக்கு விளக்கம் எழுதித் தந்தான்.

தேர்வு முடிந்தது. முடிவுகள் பலகையில் வருவதற்கு முந்தைய நாள் டீச்சர் அவளைத் தனியே அழைத்தார்.

"எழுபத்தொன்னு. உன்கிட்ட நான் இவ்வளவு எதிர்பார்க்கல." அவள் முகம் மலர்வதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார்: "ஆனா ஃபெயில்னுதான் வரும். மத்த எல்லாரும் உனக்கு மேல."

"எழுபத்தொன்னுக்கா டீச்சர்?"

"யாராவது கடைசியா இருந்துதானே ஆகணும்."

"என்னச் சேக்கும்போதே இது தெரியுமா?"

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது முப்பத்தஞ்சு வாங்குவேன்னு நெனச்சேன். அப்படி வாங்கியிருந்தா இது உனக்கு அநியாயமாத் தெரிஞ்சிருக்காது."

பிரமிளா புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "பலகையில போடுறதுக்கு முன்னால பாடத்த விட்டுட்டா ரெக்கார்டுல வராதுல்ல?" என்றாள்.

"மோகனாவுக்கு ஏ போயிரும்."

"போகட்டும்."

"நில்லு. நீ போயிட்டா ஒம்பது பேர்ல கடைசி யாரு தெரியுமா? லோகேஸ். எழுபத்து மூணு. அவனுக்கும் சைன்ஸ் கிளாஸ் போயிரும்." டீச்சர் குரலைத் தழைத்துக்கொண்டார். "நீ நல்ல பிள்ளைலா. யோசிச்சுப் பாரு."

பிரமிளா நடைவழியில் வந்து நின்றாள். லோகேஸிடம் சொல்லிவிடலாம். சொன்னால், "பாடத்த விட்டுரு பிரமிளா, நான் பாத்துக்கறேன்," என்பான். அப்படிச் சொல்லக்கூடியவன்தான். அதன் பிறகு ஆயுள் முழுக்க அவனுக்கு நன்றிக்கடன் பட்டிருக்க வேண்டும். அவனைக் கேட்காமலே அவன் இடத்தை எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. இவ்வளவு தெளிவாகத் தன்னால் யோசிக்க முடிகிறது என்பதே அவளுக்கு வியப்பாக இருந்தது.

அலுவலக எழுத்தர், சித்தி ஆயிஷா என்ற மலாய்ப் பெண், மலாயில் காரணம் கேட்டார். தமிழ் தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்றாள் பிரமிளா. அவர் பரிவோடு தலையசைத்து, கணினியில் அவள் பெயரை நீக்கினார்.

பேருந்து நிறுத்தத்தில் லோகேஸ்வரன் தே ஐஸ் என்ற குளிர்ந்த தேநீரை இரண்டு பைகளில் கட்டி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"டீச்சர் கூப்பிட்டாங்களாமே? பாஸ்தானே?"

"எழுபத்தொன்னு."

"அடேங்கப்பா. எனக்கு?"

"எழுபத்து மூணு."

"பாத்தியா, வாத்தியார மிஞ்ச முடியாது." அவன் சிரித்த சிரிப்பில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னிக்கு இது என் செலவு. நாளைக்கு நீ வாங்கித் தரணும், சரியா?"

"நாளைக்குப் பாக்கலாம்," என்றாள் பிரமிளா.

பையை வாங்கி, குழலை வாயில் வைத்து உறிஞ்சினாள். நன்றாகவே இனித்தது.