மூணு வருஷ விருந்தாளி

பதினெட்டு வருஷமாக டோமிட்டிலா எஸ்பான்யோலா ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். "இந்த ஊர்ல பாதிப் பேரு இன்சூரன்ஸ் இல்லாமத்தான் வண்டி ஓட்டுறான். அவன் வந்து இடிச்சா யாருகிட்டப் போய் நிப்பே? அதுக்குன்னே தனியா ஒரு பாதுகாப்பு இருக்கு. இடிச்சவனுக்கு இன்சூரன்ஸ் இல்லேன்னா நம்ம கம்பெனியே நமக்குக் கொடுக்கும். போட்டு வச்சுக்க." பூசை முடிந்து வெளியே வருகிறவர்களைக்கூட வழிமறித்துச் சொல்வாள். பாதிரியாரே இரண்டு தடவை பின்வாசல் வழியாக நழுவியிருக்கிறார்.

கடைசியில் ஒருவன் வந்து இடித்தே விட்டான். காப்பீடு என்றால் வீசை என்ன விலை என்று கேட்கிறவன். ஆனால் எங்கிருந்து வந்தான் என்கிறீர்கள்? அவள் வீட்டு முற்றத்திலிருந்தே வந்தான்! அவளுடைய மாப்பிள்ளை நசாரியோதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் டோமிட்டிலா கோயிலிலிருந்து வந்து கேட்டருகே காரைத் திருப்பினாள். நசாரியோ ஒரு கையில் பச்சை மிளகாய் வைத்துச் சுற்றிய ரொட்டியும் மறு கையில் ஸ்டியரிங்குமாகத் தன் ஓட்டை டிரக்கைப் பின்னுக்கு எடுத்தான். டிரக்கின் பின்னாலிருந்த இரும்புக் கொக்கி அவளுடைய நீளப் பச்சைக் காரின் மூக்கைக் குத்திக் கிழித்தது. ரேடியேட்டர் தண்ணீர் தெரு முழுக்க ஓடியது. ரொட்டி மட்டும் அவன் கையைவிட்டு நழுவவில்லை.

வயிறு எரியாதா அவளுக்கு? சனிக்கிழமை சந்தியாகப்பர் திருவிழா. இந்த வருஷம் கோயிலுக்கு மயோர்டோமா அவள்தான். திருவிழாப் பொறுப்பு முழுக்க அவள் தலையில். குதிரை மேல் அமர்ந்த சந்தியாகப்பர் சிலையும் இந்த வாரம் அவள் வீட்டில்தான் இருந்தது. பவனியில் அவர் அவளுடைய காரில்தான் போகவேண்டும். கார் இல்லையென்றால் இவளுக்கு ஆகாத க்ளோட்டில்டாவின் வெள்ளை வேனில் போவார். அப்புறம் சாகும்வரை க்ளோட்டில்டாவின் வாயை அடைக்க முடியாது. "இன்னிக்கே கம்பெனி சரின்னு சொன்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரைத் தந்துடறேன்" என்று மெக்கானிக் சொல்லியிருந்தான்.

இன்சூரன்ஸ்காரர் லுஹானுக்குப் போன் போட்டாள். பாலிசி விற்றதும் அவர்தான், அடிபட்டால் வந்து பார்ப்பதும் அவர்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இடிச்சவர் உங்க வீட்டுலயே குடியிருக்கிற சொந்தக்காரர்னா கிடைக்காதும்மா. தனியா இருந்தாத்தான் கிடைக்கும். மத்தியானம் நேர்ல வந்து பாத்துடறேன்" என்றார்.

"குடியிருக்கானா? யாரு, அவனா? அவனையே கேட்டுப் பாருங்களேன்" என்றாள் டோமிட்டிலா. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் காற்று அடித்து அவனுடைய வீட்டுக் கூரை பறந்தபோது, "சும்மா வந்துட்டுப் போறேன் அத்தை, ரெண்டு வாரம்" என்று பெண்டாட்டியோடு வந்து சோபாவில் உட்கார்ந்தவன்தான். இன்றுவரை வந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். மகள் ரொசெண்டா தினமும் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விடுவாள். சோபா மட்டும் போகவிடாது இவனை.

அவனுடைய ஆறு தொப்பி, சவரக் கத்தி, தூண்டில், பூட்ஸ் எல்லாவற்றையும் அள்ளி டிரக்கில் போட்டுத் தார்ப்பாயால் மூடினாள். சோபாவில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளத்தை என்ன செய்வது? சந்தியாகப்பரையே தூக்கி அதில் வைத்தாள். அவர் குதிரையோடு இடப்பக்கம் சாய்ந்து நின்றார்.

"வெளிய போய் மணி அடிச்சுட்டு உள்ள வா. விருந்தாளி மாதிரி நடந்துக்கணும், புரியுதா?" என்றாள்.

"அப்ப நான் இந்தக் குடும்பத்துல இல்லையா அத்தை?"

"மூணு வருஷமா 'சும்மா வந்துட்டுப் போறேன்'னு நீயேதானடா சொல்லிக்கிட்டிருக்க!"

லுஹான் வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் மணி அடித்தது. கல்யாணச் சட்டையில் நசாரியோ நின்றான். "வாங்க மாப்பிள்ளை, வாங்க! எவ்வளவு நாளாச்சு உங்களப் பாத்து!" என்றாள் டோமிட்டிலா. சொல்லும்போதே நாக்குக் கூசியது. அவனுக்கோ தலைகால் புரியவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரே ஒரு பிஸ்கட்டை இரண்டு விரலால் எடுத்தான். "வீடு ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்றான். போதாததற்கு, "கை கழுவணுமே, குளியலறை எந்தப் பக்கம்?" என்று வேறு கேட்டான். அடப்பாவி, இவனுக்குள் இவ்வளவு நடிப்பா என்று அவளே அசந்துபோனாள்.

லுஹான் சாய்ந்து நின்ற சந்தியாகப்பரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். "அப்ப இவரு இங்க தங்குறதில்ல. அப்படித்தானே?"

டோமிட்டிலா வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கூரை மேலிருந்த ஏர் கூலர் கடகடவென்று அலற ஆரம்பித்தது. நசாரியோ சட்டென்று எழுந்தான். நேராகக் குளியலறைப் பக்கம் போய், கதவை ஒட்டிய சுவரில், இரண்டாவது விரிசலுக்கு ஒரு சாண் கீழே, முஷ்டியால் இரண்டு குத்துக் குத்தினான். கூலர் கப்சிப். வருகிற வழியில் ஃப்ரிட்ஜைத் திறந்து, கூஜாவோடு எலுமிச்சைச் சாற்றைக் குடித்து, முழங்காலால் கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலி நுனியில் மறுபடியும் பவ்யமாக உட்கார்ந்தான்.

லுஹான் பேனாவை மூடினார். "மன்னிச்சுக்குங்கம்மா. இத எப்படி நான் எழுதுறது?"

"படுபாவி!" என்று கத்தினாள் டோமிட்டிலா. "பதினெட்டு வருஷம் பணம் கட்டினேனேடா! சந்தியாகப்பர் அந்த க்ளோட்டில்டா வேன்லயா போகணும்?"

நசாரியோவின் முகம் சுண்டிப்போனது. "என் டிரக்குல போகட்டும் அத்தை. விடிய விடிய கழுவி, பூ கட்டி வைக்கிறேன். சத்தியமா" என்றான். நடிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

அவளுக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. அதைக் காட்டிக்கொண்டால் அவள் டோமிட்டிலாவா? "இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில என் சந்தியாகப்பர் ஏற மாட்டாரு" என்று சொல்லிவிட்டு லுஹான் பக்கம் திரும்பினாள். "ஃபாரத்த எடுங்க. இவனுக்கு இப்பவே ஒண்ணு போடுங்க."

லுஹான் ஃபாரத்தை விரித்தார். பெயர், வண்டி எல்லாம் எழுதினார். "யாராவது இன்சூரன்ஸ் இல்லாதவங்க வந்து இடிச்சா கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு?"

"மொதல்ல அதப் போடுங்க. இந்த ஊர்ல எவனையும் நம்ப முடியாது!"

"விலாசம்?"

நசாரியோ அத்தையைப் பார்த்தான். "கூரை பறந்த வீட்டு விலாசத்தயே…" என்று இழுத்தான்.

"அங்க யாரு இருக்கா, எலியா?" என்றாள் டோமிட்டிலா. "இந்த வீட்டு நம்பர எழுதுங்க. தற்காலிகம் கிற்காலிகமெல்லாம் வேண்டாம். வீட்டோட மாப்பிள்ளைன்னே எழுதுங்க."

மேலே கூலர் மறுபடியும் கடகடவென்றது. நசாரியோ பயந்துபோய் அசையாமல் இருந்தான்.

"இன்னும் என்னடா விருந்தாளி மாதிரி உக்காந்திருக்க?" என்றாள். "எந்திரிச்சுப் போய் ரெண்டு குத்து விடு."