கட்டி மட்டும்

ஆபரேஷனுக்கு முந்தின நாள் இராஜமாணிக்கம் இளநீரோடு வந்து நின்றபோதே ரூபினிக்கு எங்கேயோ இடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று ஒரு டீ வாங்கித் தராத மனுஷன், பல்லைக் காட்டிக்கொண்டு ஸ்ட்ராவைக் குத்தி நீட்டுகிறான். ஆட்டை வெட்டப் போகிறவன்தான் முதலில் தழையைக் காட்டுவான்.

லிங்கராஜபுரத்தில் சின்ன ஆஸ்பத்திரி அது. கர்ப்பப்பையில் கட்டி, அதனால்தான் மாதாமாதம் உதிரம் கொட்டுகிறது, கட்டியை எடுத்தால் சரியாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ரூபினி சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து மாடி மாடியாக ஏறுகிறவள். மர்பி டவுனில் அவள் எதிர்வீட்டுச் சந்திரம்மாவும் சித்தாளாக இருந்தவள்தான். கர்ப்பப்பையை எடுத்ததிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். பையை எடுத்ததுதான் காரணமா, வேறு ஏதாவதா, யாருக்குத் தெரியும். மேஸ்திரி காரணமெல்லாம் கேட்கவில்லை. வேறு ஆளைப் போட்டுக்கொண்டான்.

காலையில் பச்சை அங்கியை மாட்டிவிட வந்த நர்ஸ் ஷில்பா, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். ரெண்டு என்றாள் ரூபினி.

"ஆயித்தல்லா, அதான் முடிஞ்சுதே. இன்னும் அந்தப் பைய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க அக்கா?"

ரூபினி எழுந்து உட்கார்ந்தாள். "கட்டியத்தான எடுக்கறீங்க?"

ஷில்பா வாசலைப் பார்த்தாள். அங்கே செல்போனை நோண்டிக்கொண்டிருந்த இராஜமாணிக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான்.

அவனைப் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டபோது உண்மை வந்தது. பையோடு எடுத்துவிட்டால் மறுபடி தொந்தரவு இல்லை என்று டாக்டரம்மா சொன்னாளாம். இவன் கையெழுத்துப் போட்டுவிட்டானாம். "நீதான சொன்ன, எல்லாம் அவரக் கேட்டுக்குங்கன்னு?"

சொன்னது நிஜம்தான். முதல் நாள் டாக்டரம்மா உதிரத்தைப் பற்றித் துருவிக் கேட்டபோது, ஆம்பிளையை வைத்துக்கொண்டு அவளுக்கு வாய் வரவில்லை. கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சொல்வதையே இதற்கும் சொல்லிவைத்தாள். வெறும் வாய்ப்பழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அவள் வயிற்றைப் பேசி முடித்திருக்கிறார்கள்.

கட்டிலைவிட்டு இறங்கியவள், தியேட்டருக்குள்ளே வரமாட்டேன் என்று சுவரோடு நின்றுகொண்டாள். டாக்டரம்மா சிடுசிடுப்போடு வந்தாள். எல்லாம் உன் நல்லதுக்குத்தான், கட்டி திரும்ப வளரலாம் என்றாள். பேச்சு ரூபினியிடம், பார்வை இராஜமாணிக்கத்திடம்.

"அந்தாள ஏன் பாக்கறீங்க? அறுபடறது நானு."

டாக்டரம்மா அவனை வெளியே அனுப்பிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டியை மட்டும் எடுக்க முடியும் என்று அப்போதுதான் அவளிடமே சொன்னாள். உள்ளே ரத்தம் நிற்காமல் போனால் உயிரைக் காப்பாற்றப் பையை எடுக்க வேண்டிவரும், எழுப்பிக் கேட்க நேரமிருக்காது என்பதையும் சொன்னாள். ரூபினி திருப்பித் திருப்பிக் கேட்டாள். உயிர் போகிற நிலைமை என்றால் எடுத்துக்கொள்ளட்டும், மற்றபடி கை வைக்கக் கூடாது என்றாள்.

"சட்டமும் அதத்தாம்மா சொல்லுது."

"நேத்து எங்க போயிருந்துச்சு அது?"

பழைய காகிதம் கிழிந்தது. தமிழில் எழுதிவந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து அவளே கையெழுத்துப் போட்டாள். அதோடு விடவில்லை. வெட்டி எடுத்ததைத் தியேட்டர் வாசலில் புருஷனைக் கூப்பிட்டுக் காட்டுவது அங்கே வழக்கம். அவனுக்கு வேண்டாம், எனக்குக் காட்டுங்கள் என்றாள்.

சாயங்காலம் மயக்கம் தெளிந்தபோது ஷில்பா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள். மருந்துத் தண்ணீரில் வெளுத்த உருளைக்கிழங்கு மாதிரி ஒன்று கிடந்தது. கட்டி இதுதான், பை உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றாள்.

ரூபினி பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கர்ப்பப்பை எப்படி இருக்கும் என்று அவள் கண்டாளா? இதுதான் அது என்றாலும் அவளுக்குத் தெரியப் போவதில்லை.

"டாக்டரம்மாவ வரச்சொல்லு," என்றாள். "ஸ்கேன் வச்சி, பை எங்க இருக்குதுன்னு வெரல் வச்சுக் காட்டட்டும். அப்புறம் தூங்கறேன்."