கும்பகர்ணன் ஸ்டிக்கர்

வெள்ளவத்தையில் துஷாந்தி இருந்த அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஸ்டிக்கரை அனுப்பாத ஆளில்லை. குடியிருப்பாளர் கூட்டத்தில் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிப்போன ஞானச்செல்வம் அங்கிளைப் படமெடுத்து, கிரீடமும் முறுக்கு மீசையும் ஒட்டிக் கும்பகர்ணன் ஆக்கியவள் துஷாந்திதான். பிறகு அவர் லிப்டுக்குள் கண் சொருகி நின்றாலும் சனம் சிரித்தது. அவரும் கோபிக்காமல் சேர்ந்து சிரித்தார். பெயர் பொருந்திவிட்டால் அதற்குப் பிறகு ஆளை யார் பார்க்கிறார்கள்?

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவேயில்லை.

இன்று அவர் மனைவி இந்திரா அன்ரி, மரண அறிவித்தலில் போட நல்ல படம் தேடித் துஷாந்தியிடமே வந்தார்.

“அண்டைக்குக் கூட்டத்தில முழிச்சவுடன சிரிச்சவரெல்லே பிள்ளை, அதையும் எடுத்தனீரோ?”

எடுத்திருந்தாள். போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணுக்குக் கீழே பை பையாக வீக்கம், செருப்பை மீறிப் பொங்கிய கால்கள். மீசையை அளவாக ஒட்டுவதற்காக அன்று எவ்வளவு நேரம் இதே முகத்தை உற்றுப் பார்த்தாள்!

“டொக்டரிட்டக் காட்டேல்லையா, அன்ரி?” படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

“எத்தினை தரம் கூப்பிட்டனான், பிள்ளை.” அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நினைவில் லேசாகச் சிரித்தார். “உடன போனை எடுத்து, நீர் செய்த அந்த ஸ்டிக்கரைத்தான் எனக்கு அனுப்புவார். அனுப்பிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திடுவார்.”