கொம்பு தேய்க்கும் மருமகள்கள்

தீர்த்தமலைக்குப் பின்னால், எங்கள் பள்ளத்தாக்குக் குன்றில் ஒரு பாறை இருக்கிறது. அதில் திமில் பெருத்த காளை ஒன்றை யாரோ எப்போதோ செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் குன்றைக் குவாரிக்கு ஏலம் விடப்போவதாகப் பேச்சு. காளை பழங்காலத்தது என்று எழுதிக் கொடுத்தால் குன்று தப்பிக்கும், அடியில் இருக்கும் எங்கள் கிணறும் தப்பிக்கும். அதைப் பார்க்கத்தான் தொல்லியல் படித்த சுசித்ரா மேடம் வந்திருந்தார்.

லென்ஸ் வைத்துக் கொம்பைப் பார்த்தவர் முகம் சுருங்கியது. "இது புதுசா இருக்கே. யார் செதுக்கினது?"

"செதுக்கலீங்க மேடம், தேச்சது," என்றார் என் வீட்டுக்காரர் மதியழகன், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. "எங்க ஊருக்கு வர்ற மருமக எல்லாம் ஓடைக்கல்லால கொம்பத் தேச்சுட்டுத்தான் வூட்டுப்படி மிதிக்கணும். அப்புறம் மாடு கன்னு போடறப்பல்லாம் வந்து தேய்ப்பாங்க. இதோ, எம் பொண்டாட்டி யுவராணிகூட போன வாரம் தேச்சாளுங்க."

வாயை மூடச் சொல்லி நான் கிள்ளியது அவருக்கு உறைக்கவே இல்லை.

"அப்ப பழைய கோடு எங்க?"

"அதுக்குள்ளதானுங்க இருக்குது."

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். தேய்க்காமல் விட்டிருந்தால் பாசி மூடிப் போயிருக்கும். தேய்த்ததால் நேற்றுப் போட்டது போலத் தெரிகிறது. நாங்கள் காப்பாற்றினோமா, அழித்தோமா? கிணற்றை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

"எப்படித் தேய்ப்பீங்க, தொடாம காட்டுங்க," என்றார் மேடம்.

கல்லை எடுத்துக்கொண்டு மண்டியிட்டேன். முழங்கால்கள் வழக்கம்போல இரண்டு குழிகளில் போய் உட்கார்ந்தன.

"எழுந்திரிங்க, எழுந்திரிங்க!" மேடம் குனிந்து குழிகளைத் தடவினார். உள்ளே வழவழவென்று இருந்தது. "இதை யார் வெட்டினது?"

"யாரும் வெட்டலீங்க. எல்லாரும் இங்கதான் மண்டி போடுவோம்."

அவர் காளையை விட்டுவிட்டுக் குழிகளைப் படம் எடுத்தார்.

"எத்தனை பேர் மண்டி போட்டா பாறை இப்படித் தேயும்? எனக்கே குழப்பமா இருக்குங்க. ஆனா பழசுன்னு எழுதறேன். இனிமே யாரும் கொம்பைத் தொடக் கூடாது."

என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டிவிட்டார். குன்று தப்பித்த சந்தோஷம் அவருக்கு.

அடுத்த மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணம். பெண் ஐஸ்வர்யா, கடத்தூர்க்காரி. கல் எடுக்காமல் மண்டி மட்டும் போடு என்று சொல்லிவிடலாம். மண்டி போட்டுவிட்டு, "கைய என்னக்கா பண்றது?" என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.