தானாக ஓடும் காரும் மகளின் பேச்சும்

"இந்தக் காலத்து ஆளுங்க சும்மா உக்காந்திருக்கவும் காசு கட்டுறாங்க," என்று முணுமுணுத்தபடி மகளின் மின்சாரக் காரில் ஏறினார் ஓய்வுபெற்ற லாரி டிரைவரான அப்பா. தானாக ஓட்டும் வசதி ஒரு மாதம் இலவசமாகக் கிடைத்தது, இன்றோடு முடிகிறது; இனி மாதாமாதம் காசு கட்ட வேண்டும்.

கார் நெரிசலில் தானே நின்றது, தானே நகர்ந்தது.

"அப்ப ஸ்டியரிங்லேர்ந்து கையை எடுத்துட வேண்டியதுதானே?" என்றார்.

"எடுத்தா கார் பீப் பீப்னு கத்தும்ப்பா."

"கையும் உன்னது, காசும் உன்னது. அது என்னத்தக் கிழிக்குது?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வேலை முடிஞ்சு வர்றப்ப தோள் வலிக்கலப்பா. அது போதும்."

வழக்கமாக நெரிசலில் பல்லைக் கடித்துக்கொண்டு வருபவள், இன்று வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசினாள். அது அவருக்கும் பிடித்துத்தான் இருந்தது.

வீட்டு வாசலில் அவள் போனை எடுத்து அந்த வசதிக்குப் பணம் கட்டினாள்.

"கட்டு, கட்டு. நான் ஓட்டுனா நீ காசில்லாமயே பேசிக்கிட்டு வரலாம்," என்று கார் கதவைச் சாத்திவிட்டு நடந்தார்.