மிஞ்சிய வெள்ளி நீர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டவனில்லை. வங்காளத்தில், பெஹாலாவில் இருந்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் தொழிற்சாலையில் வெள்ளிப் பூச்சுப் பிரிவுக்கு நான்தான் தலைவன். என் தங்கை பாகீரதியின் புருஷன் பாலசுப்ரமணியனை ஊரிலிருந்து வரவழைத்து அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன்.

வீட்டில் அவர் மாப்பிள்ளை. பாயசம் முதலில் அவர் இலைக்குத்தான் போக வேண்டும், முகம் சுளித்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதற்கெல்லாம் சேர்த்துத் தொழிற்சாலையில் தீர்த்துக்கொள்வேன்.

"வாங்கோ மாப்பிள்ளை! உங்காத்து வெள்ளியா, இப்படிக் கொட்டறேள்?"

கூட வேலை செய்த வங்காளி மிஸ்திரிகளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

கண்ணாடிக்குப் பூசும் வெள்ளி நீரை அன்றன்று கலக்க வேண்டும், மிஞ்சியதை அன்றே கொட்டிவிட வேண்டும். முதல் நாளே மாப்பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். "ஏன் சார்?" என்று கேட்டார். "சொன்னதைச் செய்யுங்கோ, போரும்" என்றேன். அளவு தெரியாமல் அதிகம் கலப்பார், கொட்டுவார், நான் கத்துவேன். தினமும் இதே கூத்துத்தான்.

1912-ல் துர்கா பூஜைக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை காலை உள்ளே நுழைந்தேன்.

"சனிக்கிழமை மிஞ்சினதைக் கொட்டலை சார். பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்!" என்று சிரித்துக்கொண்டே அலமாரிக்குப் போனார். அதிலிருந்த சீசாவின் அடியில் கறுப்பாகப் படிந்திருந்தது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். "மாப்பிள்ளை, அப்படியே திரும்பி வாங்கோ" என்று மெதுவாகச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. முதலில் கதவுக்கு வெளியே குதித்தேன். பிறகு கத்தினேன்: "தொடாதே, முட்டாளே!"

என் குரலுக்கு எப்போதும் நடுங்குகிறவர் அன்றும் நடுங்கினார். கை சீசாவில் பட்டது, சீசா வெடித்தது. இரண்டு கண்ணும் போய்விட்டன.

"வெடிக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அவர்தான் கேக்கலை" என்று முதலாளியிடம் சொன்னேன். பாகீரதியிடமும் அதையேதான் சொன்னேன். மாப்பிள்ளையும் மறுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்கோ சார். தண்ணி மாதிரிதானே இருந்தது, ஏன் வெடிச்சுது?"

சொன்னேன். "நைட்ரஜனுக்குத் தன் இனத்தோட சேர்றதுதான் பிடிக்கும். அந்தக் கட்டு அவ்வளவு பலம். மிஞ்சின நீரை வெச்சிருந்தா, அதுல இருக்கற நைட்ரஜன் கட்டாயக் கல்யாணம் மாதிரி வெள்ளியோட ஒட்டிண்டு கறுப்பாப் படியும். வெள்ளியோட சேர்ந்து இருக்கறதுதான் அதுக்குப் பாடு, பிரிஞ்சா நிம்மதி. லேசா அதிர்ந்தாப் போரும். வெள்ளியை உதறிட்டுத் தன் இனத்தோட சேர்ந்து ஒரே நொடியில காத்தாச் சீறிடும். அதான் வெடி."

அவர் கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இவ்வளவுதானா?" என்றார். "இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே, சார்."

பாகீரதி காபியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. டம்ளரை என்னிடம் நீட்டவில்லை.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்னியே, பாவி! எழுந்திரு. இனிமே நீ எனக்கு அண்ணா இல்லே."